நானூறு கேபிக்குள் ஒரு குடில்

நவம்பர் 25, திங்கள்

மரியே வாழ்க. காலைப் பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குத்தந்தை கிளமெண்ட் சாமி கூப்பிட்டார். "ஜெசிந்தாம்மா, நம்ம பங்கு வெப்சைட்டை இனிமே நீங்கதான் பாத்துக்கணும்." வீடு வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவளிடம், ஐம்பத்திரண்டு வயதில், ஒரு வெப்சைட்! சாமி ஜூன் மாதம்தான் மணல்முனைக்கு மாற்றலாகி வந்தவர். எங்கள் பகுதி ஜெபக்குழுவான லூர்து அன்னை அன்பியத்தின் நோட்டை நான் ஒன்பது வருடமாக எழுதுகிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முப்பத்தாறு வீடு. யார் வீட்டில் ஜெபம், யார் வந்தார்கள், யார் சுண்டல் கொண்டுவந்தார்கள், எல்லாம் அதில் இருக்கும். "அந்த ஒழுங்கு வெப்சைட்டுக்கும் வேணும்மா" என்றார்.

வேண்டியதுதான். வருடாவருடம் வீட்டுக்கு வீடு கட்டும் கிறிஸ்துமஸ் குடிலைப் படம் எடுத்து அதில் போடுவோம். அதிக விருப்பம் வாங்கிய குடிலுக்குக் கேடயம். போன வருடம் 'அந்தோணி' என்ற பெயரில் ஒருவர் கோயில் கமிட்டிக் குடிலைப் பார்த்து "இது பெத்லகேமா, பஸ் ஸ்டாண்டா?" என்று எழுதிவிட்டார். ஊரில் இருக்கிற எல்லா அந்தோணியும் நானில்லை என்றார்கள். போதாததற்கு இன்னொருவர் நானூறு படத்தை ஒரே நாளில் ஏற்றினார். இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் வெப்சைட் படுத்துவிட்டது.

ஆகவே எனக்கு இரண்டு வேலை. பெயருக்கு விதி, படத்துக்கு அளவு. இரண்டும் வருகிற ஞாயிறுக்குள்.

அலமாரியில் மூன்று வருடமாகத் துணி சுற்றிக் கிடந்த மடிக்கணினியை எடுத்தேன். சார்ஜ் ஏறியது. கடவுச்சொல் எனக்கு நினைவிருந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

மொத்தக் கணக்கு 212. அந்தோணி என்று தொடங்குவது மட்டும் 38. சவேரியார் 17. 'ஜெரோம் அம்மா' இரண்டு பேர், இருவரும் பேசிக்கொள்வதில்லை. 'கடல் ராஜா', 'கடல் ராஜா ஒரிஜினல்'. இதற்கெல்லாம் மேலே 'ஆண்டவர்' என்று ஒரு கணக்கு! படித்ததும் சிலுவை போட்டுக்கொண்டேன். விசாரித்ததில் ஐஸ் பிளான்ட் லியோ.

சாளை மீன் குழம்பு. உப்பு ஒரு கல் கூடிவிட்டது, கவனம் இங்கே இருந்ததால்.

நவம்பர் 27, புதன்

ஜெபமாலையில் மூன்றாம் பத்து சொல்லும்போது யோசனை வந்தது. பராக்கு பாவம்தான். ஆனால் யோசனை நல்ல யோசனை.

கோயிலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அட்டை உண்டு, அதற்கு ஒரு எண் உண்டு. பெயர், அன்பியம், அட்டை எண். இந்த மூன்றையும் சேர்த்தால் ஊரில் ஒருவர்போல் இன்னொருவர் இருக்கவே முடியாது. முப்பத்தெட்டு அந்தோணியும் முப்பத்தெட்டு ஆளாகிவிடுவார்கள்!

எங்கள் அட்டையையே எடுத்துப் பரிசோதித்தேன். எண் 47. முதல் வரி என் வீட்டுக்காரர் தொபியாஸ், இரண்டாம் வரி நான். மூன்றாம் வரியில் சிவப்பு மை. அதனால் இரண்டு பெயரை மட்டும் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது.

இவர் பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கோயில் அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறார். மதியம் சோறு போட்டுக்கொண்டே காட்டினேன்.

"பேருக்குப் பின்னால நம்பரா? இது வெப்சைட்டா, ரேசன் கடையாட்டி?"

"அப்ப ஒரு ஆளு 'ஆண்டவர்'னு வச்சிருக்காவளே, அது பரவால்லியா?"

"எவன் அவன்?"

"ஐஸ் லியோ."

புரையேறும்வரை சிரித்தார். இவர் சிரித்ததைத் தேதி போட்டு எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 29, வெள்ளி

இன்று முழுக்கப் படத்தின் அளவு படித்தேன். ஆயிரத்து இருபத்துநான்கு கேபி ஒரு எம்பி. நமக்குக் கொடுத்திருக்கும் இடம் 2,048 எம்பி, அதில் 1,840 ஏற்கெனவே நிரம்பிவிட்டது. போனில் எடுக்கும் ஒரு படம் நான்கு, ஐந்து எம்பி தின்கிறது. ஐஸ் பெட்டியில் வஞ்சிரத்தை முழுசாக வைத்தால் இரண்டு கொள்ளும், துண்டு போட்டால் பத்து கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லித்தர வீடியோவில் ஒருவர் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார்.

எவ்வளவு துண்டு போடலாம்? கோயில் வாசலில் குகைபோல் கட்டிய கெபியில் நிற்கும் மாதாவைப் படம் எடுத்து, சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். ஒரு எம்பியில் அப்படியே இருந்தார்கள். நானூறு கேபியில் கண்ணும் தெரிந்தது, கண்ணிமையும் தெரிந்தது. இருநூறில் இமை போய்விட்டது. நூறில் யாரோ ஒரு பெண். எனவே நானூறு. மாதாவின் கண் தெரிய வேண்டும், அதுதான் அளவுகோல்.

212 பேர், ஆளுக்கு நான்கு படம், படத்துக்கு நானூறு கேபி. 331 எம்பி. மிச்சம் இருப்பதோ 208. ஆகவே பழைய படங்களையும் நானூறுக்குச் சுருக்கி இடம் பண்ண வேண்டும். அதைப் பதினான்காம் தேதிக்கு வைத்துக்கொண்டேன்.

எனக்கு இப்படி ஒரு மூளை இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

டிசம்பர் 1, ஞாயிறு

பிரசங்கத்துக்குப் பிறகு சாமி என் விதிகளைப் பலிபீடத்தருகே நின்று வாசித்தார்! பயனர் பெயரில் சொந்தப் பெயர், அன்பியம், அட்டை எண். ஆளுக்கு நான்கு படம். ஒரு படம் நானூறு கேபிக்குள். பழைய கணக்கு வைத்திருப்பவர்கள் பதினைந்தாம் தேதிக்குள் மாற்ற வேண்டும். மாற்றாத கணக்கு, அதில் உள்ள படங்களோடு நீக்கப்படும்.

கைதட்டினார்கள். தலையைக் குனிந்துகொண்டேன், ஆனால் முக்காட்டுக்குள் சிரித்தேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பெருமை என்று சொல்ல வேண்டும்.

டிசம்பர் 3, செவ்வாய்

இவருடைய தங்கை ஆக்னஸ் சண்டைக்கு வந்தாள். இடுப்பில் முந்தானையைச் சொருகிக்கொண்டு வந்தாலே தெரியும்.

"என்ன மைனி, நாலு படம்னு போட்ருக்கிய? எம் மலைக்கே மூணு வேணும். எட்டு சிமெண்டுத் தாள் ஒட்டி, சாயம் அடிச்சி, நடுவுல தண்ணி விழுவுது. புல்லுக்குப் பதிலா வளத்த கேழ்வரகு மொளைக்கு ஒண்ணு. ராஜாக்கள் ஆளுக்கு ஒண்ணு."

"மூணு ராஜாவையும் சேத்து நிக்கவச்சு எடு."

"அவிய வேற வேற ஊருலேர்ந்து வாராவ. எப்பிடிச் சேந்து நிப்பாவ?"

"பெத்லகேமுக்கு வந்ததும் சேந்துதான நின்னாவ?"

"ஒங்களுக்குப் பதவி வந்ததும் வாயும் வந்துட்டு" என்றாள். காப்பி குடித்துவிட்டு, போகும்போது பெயரை மாற்றிக்கொண்டு போனாள். இதுவரை 58 பேர்.

டிசம்பர் 6, வெள்ளி

மாற்றாதவர்களை ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் 'வெள்ளாட்டுக்குட்டி' என்று ஒரு கணக்கு. 2021 டிசம்பர் 23 அன்று தொடங்கியது. வருடத்துக்கு ஒரே படம். யாருக்கும் பதில் எழுதியதில்லை. நம் கடற்கரை வீடு இல்லை. ஏதோ மாடிக் குடியிருப்பு. ஜன்னல் கட்டையில் சின்னக் குடில். நம் வீட்டில் செய்கிற மாதிரியே கழுதையை வெளியே தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். நம் ஊர்க்காரர் யாரோ.

போன வருடத்துப் படம் 3.1 எம்பி. நல்ல பெரிய படம். பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சேலை நுனி தொங்குகிறது. கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை. அந்தச் சேலையை எந்தக் கடையில் எடுத்தோம் என்று எனக்குத் தெரியும். இன்னும் பெரிதாக்கினேன். சேலை சும்மா தொங்கவில்லை. தொட்டில் கட்டியிருக்கிறது.

மடிக்கணினியை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு மறுபடி திறந்தேன்.

அட்டை எண் இல்லாத கணக்கு. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு. அமல உற்பவத் திருநாள்

131 பேர் மாறிவிட்டார்கள்! 'ஆண்டவர்' இன்று காலை முறைப்படி லியோ ஆனார்.

அட்டை எண் தராத எல்லோருக்கும் நினைவூட்டல் அனுப்பினேன். எல்லோருக்கும் ஒரே வாசகம்தான். வெள்ளாட்டுக்குட்டிக்கு மட்டும் நான்கு முறை அடித்து அழித்து எழுதினேன். கடைசியில் அதே வாசகத்தை அனுப்பி, கீழே "அங்கே குளிர் அதிகமா?" என்று சேர்த்தேன். நிர்வாகி கேட்கக்கூடாத கேள்வி இல்லை இது.

என் விதிப்படி நிர்வாகியின் பெயரும் முழுதாகப் போகும். ஜெசிந்தா, லூர்து அன்னை, 47.

டிசம்பர் 10, செவ்வாய்

பதில் வந்தது!

"நிர்வாகி 47 அவர்களுக்கு. அந்த அட்டையில் எனக்கு வரி இல்லை. இந்த வருடம் படம் போட முடியாதா? இங்கே குளிர் உண்டு. ஸ்வெட்டர் இருக்கிறது. இரண்டு பேருக்கும் இருக்கிறது. சின்னதும் ஒன்று வாங்கியாயிற்று."

பதினேழு தடவை படித்தேன். அலுவல் முறையில் பதில் போட்டேன்: "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது." ஸ்வெட்டர் சின்னது! எவ்வளவு சின்னது என்று கேட்டிருக்க வேண்டும்.

மாவு அரைக்க மறந்துவிட்டேன். ராத்திரிக்கு உப்புமா.

டிசம்பர் 12, வியாழன்

ஆக்னஸ் வந்திருந்தாள். திரையில் அந்தப் படம் திறந்தே இருந்தது. பார்த்துவிட்டு என்னையும் பார்த்தாள்.

"மைனி, இது நம்ம புள்ளதான?"

"யாரோ வெளியூர்ல இருக்கவுக."

"என்கிட்டயே சொல்லுதிய பாத்தியளா? பதிவாபீசுல கட்டிக்கிட்டா, வேற சாமி கும்புடுத பையன். அதுக்கு எங்கண்ணன் கார்டுல சிவப்பு மைய இழுத்தாரு. இப்ப நீங்க கார்டு நம்பர் இல்லன்னா வெளிய போன்னு விதி எழுதி வச்சிருக்கிய. அவரு கோடு போட்டாரு, நீங்க கதவப் பூட்டுதிய."

"நான் அத நெனச்சு எழுதல, ஆக்னஸ்."

"அது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

சாப்பாட்டின்போது இவரிடம் பொதுவாகக் கேட்டேன், அட்டை இல்லாதவர்கள் சிலர் இருக்கிறார்கள், என்ன செய்யலாம் என்று. "விதின்னா விதி. நீதான எழுதுன" என்றார். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

டிசம்பர் 14, சனி

பழைய படங்களைச் சுருக்கும் வேலை முடிந்தது. 1,840-லிருந்து 1,340 ஆகிவிட்டது. ஐந்நூறு எம்பி மிச்சம்! ஆயிரத்துச் சொச்சம் படத்தில் ஒன்று மட்டும் சுருக்கப்படவில்லை. கணக்கில் 2.7 எம்பி வித்தியாசம். காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். ஒன்பது வருடத்தில் முதல் வெற்றுக் கட்டம்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பெருமையைச் சொன்னேன். வரிசையில் நிற்கும்போது ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குழந்தை ஊரே அதிர அழுதது. இவர் பக்கத்தில் நின்று பெரிய பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எடுத்த புத்தகமே தப்பு!

டிசம்பர் 15, ஞாயிறு

சந்தோஷமான நாள். முழுதும் எழுதிவிடுகிறேன்.

பூசை முடிந்ததும் பங்குப் பேரவை கூடியது. பேரவையில் நான் எழுந்து பேசியதே இல்லை. இவர் வழக்கம்போல் பெஞ்சின் ஓரத்தில் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தார். விதியில் ஒரு திருத்தம் வேண்டும் என்றேன். அட்டை எண் இல்லாதவர்கள் ஞானஸ்நானப் பதிவேட்டு எண்ணைப் போடலாம்.

லியோ விடவில்லை. "என்னைய ஆண்டவர்லேர்ந்து எறக்குனிய. சரின்னு எறங்குனேன். இப்ப யாருக்காக இந்தச் சலுக?"

எல்லோருக்கும் யாரென்று தெரியும். யாரும் இவர் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது நன்றாகத் தெரிந்தது.

பட்டியலை வாசித்தேன். முதியோர் இல்லத்தில் இருக்கும் நான்கு பேர். கன்னியர் மடத்தில் சேர்ந்த இரண்டு பேர். குடும்பத்தோடு பஹ்ரைன் போய் அட்டையைத் திருப்பிக் கொடுத்த நான்கு பேர். இன்னும் ஒருவர். ஆக பதினொன்று.

"அட்டைய வீட்டுத் தலைவர் எழுதலாம், வேண்டாம்னா அடிக்கலாம்" என்றேன். "ஞானஸ்நானப் பதிவேட்ட யாரும் அடிக்க முடியாது. தப்பு யாரு மேலயும் இல்ல. நான்தான் தப்பான புத்தகத்துலேர்ந்து நம்பர் எடுத்துட்டேன்."

உட்கார்ந்துவிட்டேன்.

கிளமெண்ட் சாமிக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியுமோ தெரியாதோ. மெதுவாகச் சொன்னார்: "ஞானஸ்நானம் அழியாத முத்திரைன்னு ஞாயித்துக்கிழமை சொல்லிக் குடுக்கிறோம். வெப்சைட்ல மட்டும் அழியும்னு எப்படி எழுதறது? ஒரு வாரம் தவணை. இருபத்திரண்டாம் தேதிக்குள்ள பதினொரு எண்ணையும் எழுத்தர் எடுத்துத் தருவார்."

எழுத்தர் இவர்தான். தீர்மானத்தைக் குறிப்பில் எழுதியதும் இவர்தான். எட்டிப் பார்த்தேன். கையெழுத்து எப்போதும்போல் நேராக இருந்தது.

டிசம்பர் 17, செவ்வாய்

பட்டியல் கொண்டுவந்தார். எண்ணினேன்.

"பத்துதான இருக்கு."

"பத்துதான் கெடச்சுது."

"எந்த வருசப் புத்தகம் கெடைக்கல?"

"தொண்ணூத்தஞ்சு."

"அது பீரோவுல ரெண்டாந் தட்டுலல்ல இருக்கும்?"

"கரையான்" என்றார்.

"போன மாசம் நீங்கதான தொடச்சு அடுக்குனிய."

சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

டிசம்பர் 18, புதன்

அலுவலகச் சாவி வீட்டில் ஆணியில்தான் தொங்குகிறது. நானே போய் எடுத்துவிடலாம். எடுக்கவில்லை. கோடு போட்ட கையிலிருந்தே எண் வர வேண்டும்.

டிசம்பர் 20, வெள்ளி

குடில்கள் குவிகின்றன! ஒரே நாளில் 93 படம். ஆக்னஸின் அருவி நிஜமாகவே விழுகிறது; நான்கு படத்திலும் அருவிதான், ராஜாக்களைக் காணோம். வெள்ளாட்டுக்குட்டியிடமிருந்து ஒரு வரி: "பரிசீலனை முடிந்ததா?"

"முடியும்" என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் பயம் வந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

காலையில் இவர் என்னை எழுப்பாமல் தனியாகப் போய் முதல் பூசை பார்த்துவிட்டு வந்தார். டீ கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்து போனார். டம்ளருக்கு அடியில் ஒரு துண்டுத் தாள்.

"31/1995. மரிய ரெனிட்டா. தகப்பன் தொபியாஸ். தாய் ஜெசிந்தா."

பதிவேட்டில் உள்ளபடி. நீல மை.

கணக்கை மாற்றிவிட்டேன். வெள்ளாட்டுக்குட்டி போய்விட்டது. ரெனிட்டா, லூர்து அன்னை, 31/1995. என் விதிக்கு உட்பட்டு, முழுப் பெயரோடு. இந்த நோட்டில் இந்தப் பெயரை நான் எழுதி மூன்று வருடம் ஆகிறது. ரெனிட்டா. ரெனிட்டா.

டிசம்பர் 24, செவ்வாய்

அச்சுமுறுக்கு 140. அதிரசம் வேண்டாம் என்று முடிவு. காலை பதினொன்றுக்குச் செய்தி:

"படம் ஏற மறுக்கிறது. 4.8 எம்பியாம். சுருக்கினால் அவன் முகம் கலங்கிவிடுகிறது. ஒரு நிமிடம்கூட ஆடாமல் இருக்கமாட்டேன் என்கிறான். இது ஒன்றுதான் நன்றாக வந்தது."

அவன்! பையன்!

சத்தமாகப் படித்துவிட்டேன் போலிருக்கிறது. இவர் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த ஏணியிலிருந்து கேட்டார்.

"எவ்வளவாம்?"

"நாலு புள்ளி எட்டு. நம்ம அளவு நானூறு கேபி."

"கூட்டு."

"விதி?"

"பத்து நிமிசம் கூட்டுனா கோயிலா இடிஞ்சி விழும்? கூட்டுட்டி."

அளவு என்ற கட்டத்தில் நானூறை அழித்து ஐயாயிரத்து நூற்றிருபது என்று போட்டேன். ஒருவருக்கு மட்டும் கூட்ட வழியில்லை, கூட்டினால் எல்லோருக்கும்தான். ஆக்னஸ் எப்படி மோப்பம் பிடித்தாளோ, அன்பியம் முழுக்கப் போன் போட்டுவிட்டாள். நாலு படம் என்ற விதியையும் மீறிப் புதுசு புதுசாக ஏற்றுகிறார்கள்! 2,048-ஐத் தொட்டால் வெப்சைட் படுத்துவிடும்; 1,641 எம்பியில் இருந்தது ஏறுகிறது, ஏறுகிறது. 1,800. 1,950. "வந்துட்டா? வந்துட்டா?" என்று இவர் ஏணியை விட்டு இறங்கிவிட்டார். 2,031-ல் ரெனிட்டாவின் படம் உள்ளே வந்து உட்கார்ந்தது. அடுத்த நொடி அளவை நானூறுக்கு இறக்கினேன்.

பத்து நிமிடத்தில் எழுபத்தெட்டு படம். ஆக்னஸ் மட்டும் பன்னிரண்டு. ராஜாக்கள் மூன்று பேரும் தனித்தனியாக வந்துவிட்டார்கள்.

படத்தைப் பற்றி இப்போது எழுத முடியாது. முறுக்கு கருகுகிறது.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்து பிறந்தார். பகல் மூன்று மணி. விருந்துக்கு வந்தவர்கள் போனபிறகு எழுதுகிறேன்.

படத்தில் ஜன்னல் கட்டை இல்லை, இந்த வருடம் குடில் தரையில். அதன் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். நீல ஸ்வெட்டர். நாலு பல். குடில் பொம்மைகளில் ஒரு ஆட்டுச் சொரூபம் பாதி வாயில், பாதி கையில். இமைகூடத் தனித்தனியாகத் தெரிகிறது.

காலையிலிருந்து ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, விருப்பம் மட்டும் யாரும் போடவில்லை. யாராவது முதலில் போடட்டும் என்று இருந்திருப்பார்கள்.

இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு கணக்குப் போடு." இத்தனை வருடத்தில் இவருக்குக் கணக்கே கிடையாது. விதிப்படி கேட்டேன், பெயர், அன்பியம், எண். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். பிறகு ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, கால் மணி நேரம் அடித்தார். என்னைத் திருத்த விடவில்லை. படத்துக்குக் கீழே, பங்கு முழுக்கப் படிக்கும்படி வந்தது:

"குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் சொரூபம் வைக்கக் கூடாது. வாயில் போட்டு விழுங்கிவிடும். தொபியாஸ், லூர்து அன்னை, 47."

மூன்று வருடத்துக்குப் பிறகு மகளிடம் பேசிய முதல் பேச்சு. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஒரு நிமிடம் ஆகவில்லை. பதில் வந்தது.

"சரிப்பா. எடுத்துட்டேன்."

பிறகு விருப்பங்கள் விழ ஆரம்பித்தன. முதலாவது லியோ.

இவர் இன்னும் திரையை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் நோட்டை முடித்துவிடுகிறேன்.

ரெனிட்டா வீட்டுக் குடில். படம் ஒன்று. அளவு 4.8 எம்பி. விதிக்கு மேல் 4.4. காரணம்: பேரன். ஏற்றுக்கொள்ளப்பட்டது.